22 கிலோ கஞ்சா வழக்கில் லாரி கிளீனருக்குப் பிணை ஏன் கிடைக்கவில்லை?

வைகைக்கரை வாசகி, ஆகஸ்ட் 18

அனைவருக்கும் வணக்கம். சட்டம் அறிந்தவர்கள் இந்தப் பகுதியில் பொறுமையாக விளக்கம் எழுதுவதைப் பல மாதங்களாகப் படித்து வருகிறேன். இப்போது என் வீட்டு விஷயத்தையே இங்கே கேட்க வேண்டியிருக்கிறது.

என் தம்பிக்கு 24 வயது. சரக்கு லாரியில் கிளீனராக வேலை பார்த்தான். குண்டூரிலிருந்து மிளகாய் வற்றல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு திரும்பிய லாரியை மார்ச் 13 அன்று பின்னிரவில் மதுரைக்கு அருகே ஒரு சுங்கச்சாவடியில் காவல் துறையினர் நிறுத்திச் சோதனையிட்டனர். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் உள்ள படுக்கைப் பலகையின் அடியில் இருந்த இரண்டு சாக்குகளில் 22 கிலோ கஞ்சாவைக் கைப்பற்றியதாக வழக்குப் பதிவாகியிருக்கிறது. ஓட்டுநர் முதல் எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்), என் தம்பி இரண்டாம் எதிரி, லாரி உரிமையாளர் மூன்றாம் எதிரி. மார்ச் 14 அன்று தம்பியை நீதிமன்றத்தில் நிறுத்திச் சிறைக்கு அனுப்பினார்கள். அவன் மீது இதற்கு முன் எந்த வழக்கும் இல்லை.

சிறப்பு நீதிமன்றத்தில் ஏப்ரலில் ஒரு முறையும் ஜூனில் ஒரு முறையும் பிணை கேட்டோம். வணிக அளவு என்பதாலும் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 37-ஆம் பிரிவின் நிபந்தனைகள் நிறைவேறவில்லை என்பதாலும் மனு தள்ளுபடி செய்யப்படுகிறது என்றே இரண்டு உத்தரவுகளிலும் எழுதியிருந்தது. ஆனால் ஏப்ரலில் சரணடைந்த லாரி உரிமையாளருக்கு நாற்பது நாட்களுக்குள் பிணை கிடைத்துவிட்டது. பணம் உள்ளவன் வெளியே வந்துவிட்டான் என்று ஊரில் பேசுகிறார்கள். அது உண்மையா, அல்லது சட்டத்திலேயே அப்படி ஒரு வழி இருக்கிறதா என்பதை அறிய விரும்புகிறேன். உயர் நீதிமன்றத்திற்குப் போகலாமா, அங்கும் தள்ளுபடியானால் இன்னும் மோசமாகிவிடுமா என்று எங்களுக்கு அச்சமாக இருக்கிறது. குற்றப்பத்திரிகை இன்னும் தாக்கலாகவில்லை.

என் தம்பிக்கு அந்தச் சாக்கில் என்ன இருந்தது என்பது தெரியவே தெரியாது என்று சத்தியம் செய்யும் நிலையில் நான் இல்லை. அவன் தெரியாது என்கிறான், நான் நம்புகிறேன். ஆனால் அதைத் தீர்மானிக்க வேண்டியது விசாரணைதானே? விசாரணை தொடங்கும் முன்பே அவன் நிரபராதி என்று நீதிபதி நம்ப வேண்டும் என்று எங்கள் வழக்கறிஞர் சொன்னபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வாரம் ஒரு முறை சிறையில் மனு போட்டு அவனைப் பார்த்துவிட்டு வரும் அம்மாவுக்கு நான்தான் இதையெல்லாம் விளக்கிச் சொல்ல வேண்டும்.


மதுரை வழக்கறிஞர், ஆகஸ்ட் 18

சகோதரி, வணக்கம். வழக்கின் ஆவணங்களை நான் பார்க்கவில்லை. எனவே நான் எழுதுவதை உங்கள் வழக்கறிஞரிடம் கேட்க வேண்டிய கேள்விகளாக எடுத்துக்கொள்ளுங்கள், அவருடைய ஆலோசனைக்கு மாற்றாகக் கொள்ள வேண்டாம்.

உங்களுக்கு விளங்காமல் போனது உங்கள் குறை அன்று. மற்ற வழக்குகளில் பிணை கேட்கும்போது எதிரி தப்பி ஓடுவாரா, சாட்சிகளைக் கலைப்பாரா என்பதையே நீதிமன்றம் முதன்மையாகப் பார்க்கும். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 37-ஆம் பிரிவு அந்த வரிசையைத் தலைகீழாக்குகிறது. 1989, 2001 ஆகிய ஆண்டுகளில் நடைமுறைக்கு வந்த திருத்தங்களால் இன்றைய வடிவம் பெற்ற அந்தப் பிரிவின்படி, வணிக அளவு (கஞ்சாவில் 20 கிலோவுக்கு மேல்) சம்பந்தப்பட்ட வழக்கில் அரசு வழக்கறிஞருக்கு எதிர்ப்புத் தெரிவிக்க வாய்ப்பளிக்க வேண்டும். அவர் எதிர்த்தால், எதிரி அந்தக் குற்றத்தைச் செய்யவில்லை என்று நம்புவதற்கு நியாயமான காரணங்கள் இருக்கின்றன என்றும், பிணையில் இருக்கும்போது அவர் எந்தக் குற்றமும் செய்ய வாய்ப்பில்லை என்றும் நீதிமன்றம் மனநிறைவு அடைய வேண்டும். இரண்டும் சேர்ந்து நிறைவேற வேண்டும். முன் வழக்கு இல்லாததால் உங்கள் தம்பி இரண்டாவது நிபந்தனையை ஓரளவு தாண்டிவிடுவார். முதல் நிபந்தனையில்தான் தடை. அந்த 'நியாயமான காரணங்கள்' என்பவை மேலோட்டமாகத் தெரிவதைவிடக் கூடுதலான ஒன்றாக இருக்க வேண்டும் என்று 2004-இல் உச்ச நீதிமன்றம் கூறியதிலிருந்து, கீழ் நீதிமன்றங்கள் பெரும்பாலும் அந்த வரியையே மேற்கோள் காட்டி மனுக்களைத் தள்ளுபடி செய்கின்றன.

உரிமையாளர் விஷயத்துக்கு வருகிறேன். பணம் கைமாறியதா என்பதைப் பற்றி நான் எதுவும் சொல்ல முடியாது. ஆனால் கைமாறாமலே இது நடக்கக்கூடியது என்பதை நீங்கள் அறிந்துகொள்வது நல்லது. உரிமையாளர் லாரியில் இல்லை, அவரிடமிருந்து எதுவும் கைப்பற்றப்படவில்லை. அவரை வழக்கோடு இணைப்பது பெரும்பாலும் ஓட்டுநர் காவலில் கொடுத்ததாகச் சொல்லப்படும் வாக்குமூலம் மட்டுமே. காவல் துறையிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகாது. போதைப்பொருள் சட்டத்தின் 67-ஆம் பிரிவின் கீழ் மற்றத் துறை அதிகாரிகள் பதிவு செய்யும் வாக்குமூலத்துக்கும் இதுவே விதி என்று, தூபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் 2020 அக்டோபரில் நீதிபதி நரிமன் தலைமையிலான அமர்வு இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. வாக்குமூலத்தை நீக்கிவிட்டால் உரிமையாளருக்கு எதிராக எதுவும் மிஞ்சாது. ஆகவே அவர் குற்றமற்றவர் என்று நம்பக் காரணம் இருக்கிறது என நீதிமன்றம் எளிதில் எழுதிவிடும்.

உங்கள் தம்பியோ அந்தப் பலகையின் மேல் படுத்து வந்தவர். பொருள் எவருடைய உடைமையில் இருந்ததோ அவரே குற்றவாளி என 54-ஆம் பிரிவும், அவருக்குக் குற்ற மனம் இருந்தது என 35-ஆம் பிரிவும் அனுமானிக்கச் சொல்கின்றன. பொருளை அனுப்பியவனும் பெறவிருந்தவனும் சாக்கிலிருந்து தொலைவில் இருக்கிறார்கள். சாக்குக்கு மிக அருகில் இருப்பவன் மாதச் சம்பளமும் பேட்டாவும் வாங்கும் பையன். சாக்குக்கு எவ்வளவு அருகில் இருக்கிறாரோ அவ்வளவுக்குப் பிணை அவருக்குத் தொலைவாகிவிடுகிறது. பதினெட்டு ஆண்டுகளாக இந்த வழக்குகளை நடத்துகிறேன், ஒவ்வொரு முறையும் எனக்கு இது வலிக்கிறது.

ஆனால் அனுமானம் என்பது தீர்ப்பு ஆகாது. தெரிந்து வைத்திருந்தால்தான் அது சட்டத்தின் கண்ணில் உடைமை. உங்கள் தம்பியின் கைபேசி அழைப்புப் பதிவுகளில் பொருளை அனுப்பியவருடனோ பெறுபவருடனோ தொடர்பு இருக்கிறதா? அவர் கணக்கில் வழக்கமான சம்பளத்தைத் தவிர வேறு பணம் வந்திருக்கிறதா? அந்த நடையில் அவரை எப்போது, யார் வேலைக்கு அழைத்தார்கள்? முந்தைய இரண்டு மனுக்களிலும் இவை எடுத்துச் சொல்லப்பட்டனவா, அல்லது எதிரி அப்பாவி என்ற ஒற்றை வரியோடு நின்றனவா என்று பாருங்கள். காரணம் காட்டாத மனுவுக்குக் காரணம் காட்டாத உத்தரவுதான் வரும்.

அடுத்து எடை. கஞ்சாவில் ஒரு கிலோவுக்குக் குறைந்தால் சிறிய அளவு, 20 கிலோவுக்கு மேற்பட்டால் வணிக அளவு. இடைப்பட்ட அளவுக்கு 37-ஆம் பிரிவின் இரட்டை நிபந்தனை கிடையாது, தண்டனையும் பத்தாண்டுகள் வரை மட்டுமே. 20 கிலோவைத் தாண்டிவிட்டால் குறைந்தபட்சமே பத்தாண்டுகள், அதிகபட்சம் இருபது. உங்கள் வழக்கில் 22 கிலோ என்பது சாக்கோடு சேர்த்தா, சாக்கு நீக்கியா? சட்டத்தின் வரையறைப்படி கஞ்சா என்பது அந்தச் செடியின் பூக்கும் அல்லது காய்க்கும் நுனிப்பகுதியே. நுனியோடு சேராத இலையும் விதையும் கஞ்சா ஆகா. பொருளைக் கைப்பற்றியபோது எழுதிய பதிவான மகஜரில் 'தண்டு, இலை, விதையுடன் கூடிய' என்று எழுதி மொத்தமாக எடை போட்டிருக்கும் வழக்குகள் உண்டு. இரண்டே கிலோ வித்தியாசத்தில் நிற்கும் உங்கள் வழக்கில் மகஜரின் ஒவ்வொரு சொல்லும் முக்கியம். பொருளின் பட்டியலையும் மாதிரிகளையும் 52ஏ பிரிவின்படி நீதித்துறை நடுவர் முன்னிலையில் எடுத்தபோது பதிவான எடையையும் வாங்கி ஒப்பிட்டுப் பாருங்கள். எடை வித்தியாசம் இருந்தால் அது வலுவான வாதம். ஆனால் 52ஏ நடைமுறையில் தாமதம் என்பதை மட்டும் காட்டிப் பிணை கேட்க முடியாது என்று 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது. அதை மட்டும் நம்ப வேண்டாம்.

உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குத் தாராளமாகப் போகலாம். தள்ளுபடியானால் நிலை மோசமாகிவிடும் என்ற அச்சம் தேவையில்லை, சூழ்நிலை மாறினால் மீண்டும் மனுச் செய்யலாம். ஆனால் எப்போது போவது என்பது முக்கியம். இன்று, ஆகஸ்ட் 18-இல், உங்கள் தம்பி சிறையில் 158-ஆவது நாளில் இருக்கிறார். இதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். இரவு எழுதுகிறேன்.


ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கம்பம் பள்ளத்தாக்கு, ஆகஸ்ட் 18

அம்மா, உங்கள் வேதனை புரிகிறது. வழக்கறிஞர் எழுதியதில் தவறு காணும் அளவுக்கு எனக்குச் சட்ட அறிவும் இல்லை. ஆயினும் இந்த இழையைப் படிக்கும் மற்றவர்கள் 37-ஆம் பிரிவைக் காரணமே இல்லாத கொடுமை என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

முப்பத்தொரு ஆண்டுகள் பள்ளியில் இருந்தேன். எட்டாம் வகுப்பில் வாய்ப்பாட்டை ராகம் போட்டு ஒப்பிக்கும் பையன் பத்தாம் வகுப்பில் கடைசி இருக்கையில் சிவந்த கண்ணோடு அமர்ந்திருந்ததைப் பார்த்தவன் நான். அவன் அம்மா தேயிலைத் தோட்டத்து வேலையை விட்டுவிட்டு வந்து பள்ளி வாசலில் உட்கார்ந்திருந்ததும் நினைவில் இருக்கிறது. கொலை செய்பவன் ஒருவரையோ இருவரையோ கொல்கிறான், போதைப்பொருள் விற்பவன் கணக்கற்ற இளைஞர்களைச் சாவின் பக்கம் தள்ளுகிறான் என்ற பொருளில் 1999-இல் உச்ச நீதிமன்றம் எழுதியதை மிகைப்படுத்தல் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. பிணையில் வந்தவர்கள் அதே வாரம் அதே தொழிலுக்குத் திரும்பியதால்தான் சட்டத்தை இறுக்கினார்கள்.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். எங்கள் பள்ளிச் சுவரோரம் பொட்டலம் விற்றவன் ஒருநாளும் கையில் ஒரு கிலோ வைத்திருந்ததில்லை. அவனைப் பிடித்தார்கள், சில வாரங்களில் வந்தான், மீண்டும் பிடித்தார்கள், மீண்டும் வந்தான். நான் கொடுத்த புகார்களின் நகல்கள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. 37-ஆம் பிரிவு அவனைத் தொடவே இல்லை. நான் யாருக்காக இந்தச் சட்டம் வேண்டும் என்று கேட்டேனோ அவன் வெளியே நடமாடுகிறான், எடையின் பெயரால் லாரியில் வந்த பையன் உள்ளே இருக்கிறான் என்றால், சட்டத்தின் கடுமை எங்கே போய் விழ வேண்டுமோ அங்கே விழவில்லை என்றுதான் பொருள். அதற்காகக் கடுமையே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். வழக்கை விரைந்து நடத்த வேண்டும். குற்றம் செய்தவன் என்றால் ஓராண்டுக்குள் தண்டனை பெறட்டும், செய்யாதவன் என்றால் ஓராண்டுக்குள் வீடு திரும்பட்டும்.


மதுரை வழக்கறிஞர், ஆகஸ்ட் 18, இரவு

ஐயா எழுதியதை மதிக்கிறேன். என் மகனும் பத்தாம் வகுப்பில் படிக்கிறான். விரைந்து நடத்த வேண்டும் என்ற இடத்தில் நமக்குள் வேறுபாடே இல்லை. வழக்கு முடியாமலே பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்த ஒருவரின் மனுவை 2013-இல் விசாரித்த உச்ச நீதிமன்றம், இந்தச் சட்டத்தின் வழக்குகளில் தேவையற்ற வாய்தா கூடாது, ஆய்வக வசதிகளை மேம்படுத்த வேண்டும் என்றெல்லாம் உத்தரவிட்டது. இன்றும் நாங்கள் ஆய்வக அறிக்கைக்காக மாதக்கணக்கில் காத்திருக்கிறோம்.

இனி, சகோதரி, நாள் கணக்கு. மற்ற வழக்குகளில் 60 அல்லது 90 நாட்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால் எதிரி பிணை பெறும் உரிமை அடைகிறார். இதை நீதிமன்ற வளாகத்தில் கட்டாய ஜாமீன் என்போம். வணிக அளவு வழக்குகளில் 36ஏ பிரிவின் நான்காம் உட்பிரிவு அந்தக் காலத்தை 180 நாட்களாக நீட்டியிருக்கிறது. 180 நாட்கள் முடிந்தும் குற்றப்பத்திரிகை வராவிட்டால், காலநீட்டிப்பும் பெறப்படாவிட்டால், 37-ஆம் பிரிவின் இரட்டை நிபந்தனை குறுக்கே நிற்காது. குற்றமற்றவர் என்று யாரும் நம்ப வேண்டியதில்லை. அது உரிமை.

சிறைக்கு அனுப்பிய நாளையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்று 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு முடிவு செய்துவிட்டது. மார்ச் 14-ஐ முதல் நாளாகக் கொண்டால் செப்டம்பர் 9 அன்று 180 நாட்கள் நிறைவடைகின்றன. செப்டம்பர் 10 காலையில் உரிமை பிறக்கிறது. அந்த உரிமை தானாகக் கைக்கு வராது, கேட்க வேண்டும். கேட்பதற்கு முன் அவர்கள் குற்றப்பத்திரிகையைத் தாக்கல் செய்துவிட்டால் உரிமை போய்விடும். கேட்ட பிறகு தாக்கல் செய்தால் போகாது. சென்னைச் சிறப்பு நீதிமன்றத்தில் இப்படித்தான் நடந்தது. 180 நாட்கள் முடிந்த மறுநாள், 2019 பிப்ரவரி 1 காலையில் எதிரி மனுக் கொடுத்தார். வாதம் முடிந்த பின் மாலையில் புலனாய்வு அமைப்பு குற்றப்பத்திரிகைக்கு இணையான கூடுதல் புகாரைத் தாக்கல் செய்தது. சிறப்பு நீதிமன்றம் பிணை தந்தது, உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், மனுக் கொடுத்த நொடியிலேயே எதிரி தன் உரிமையைப் பயன்படுத்திவிட்டார், பிறகு வரும் குற்றப்பத்திரிகை அதை அழிக்காது என்று கூறிப் பிணையை மீட்டுக் கொடுத்தது. ரவீந்திரன் வழக்கு என்று உங்கள் வழக்கறிஞரிடம் சொன்னால் போதும், அவருக்குத் தெரிந்திருக்கும்.

அரசுத் தரப்பு சும்மா இருக்காது. 180 நாட்கள் முடிவதற்குள் காவலை ஓராண்டு வரை நீட்டிக்கக் கோரலாம். ஆனால் அதற்கு அரசு வழக்கறிஞர் தாமே அறிக்கை தர வேண்டும். விசாரணை எந்த அளவு முன்னேறியிருக்கிறது, இந்த எதிரியை 180 நாட்களுக்கு மேலும் ஏன் காவலில் வைக்க வேண்டும் என்ற குறிப்பான காரணம் அதில் இருக்க வேண்டும். விசாரணை அதிகாரியின் கடிதத்தில் கையொப்பமிட்டு அனுப்பினால் அது அறிக்கை ஆகாது. எதிரியை முன்னிலைப்படுத்தி அவருக்கும் தெரிவித்த பிறகே உத்தரவிட வேண்டும். எனவே செப்டம்பர் முதல் வாரத்தில் வரும் ஒவ்வொரு காவல் நீட்டிப்பு நாளிலும் உங்கள் வழக்கறிஞர் நீதிமன்றத்தில் இருப்பதும், நீட்டிப்பு மனு வந்தால் நகல் வாங்கி ஆட்சேபம் தாக்கல் செய்வதும் மிக அவசியம். ஆய்வக அறிக்கை இல்லாமல் தாக்கலாகும் குற்றப்பத்திரிகை முழுமையானதா என்பதில் உயர் நீதிமன்றங்கள் வெவ்வேறு விதமாகத் தீர்ப்பளித்திருப்பதால், அதை மட்டும் வைத்து உங்களுக்கு நம்பிக்கை தர மாட்டேன்.

குற்றப்பத்திரிகை உரிய காலத்தில் வந்துவிட்டால், நீண்ட காலச் சிறைவாசம் என்ற வாதம் பின்னாளில் உதவும். தில்லி வழக்கு ஒன்றில் ஏழாண்டுகளுக்கு மேல் விசாரணைக் கைதியாக இருந்தவருக்கு 2023 மார்ச் 28 அன்று நீதிபதிகள் ரவீந்திர பட், தீபாங்கர் தத்தா ஆகியோர் பிணை வழங்கினர். 37-ஆம் பிரிவை எழுத்துக்கு எழுத்துப் படித்தால் யாருக்குமே பிணை கிடைக்காது என்றும், விசாரணை அளவுக்கு மீறித் தாமதமானால் அந்தப் பிரிவு பிணைக்குத் தடையாகாது என்றும் அவர்கள் கூறினர். அந்த மனிதர் கைதானபோது அவருக்கு வயது 23. உங்கள் தம்பியின் வயதை நீங்கள் எழுதியபோது எனக்கு அந்தத் தீர்ப்புதான் நினைவுக்கு வந்தது. அதே ஆண்டு ஜூலையில், மூன்றரை ஆண்டுகள் சிறையில் இருந்த ஒருவரின் ஒடிசா வழக்கிலும், வாழ்வுரிமையைத் தரும் அரசமைப்பின் 21-ஆம் உறுப்பு இத்தகைய தடையை விஞ்சி நிற்கும் என்று பிணை தரப்பட்டது. ஆனால் சிறையில் கழித்த காலமும் குற்றப்பத்திரிகை தாக்கலானதும் தம்மளவில் பிணைக்குக் காரணமாகா என்று 2022 ஜூலையில் அதே உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. இரண்டு வரிசைத் தீர்ப்புகளும் இன்று அருகருகே நிற்கின்றன. எந்த நீதிபதியின் முன் மனு வருகிறது என்பதைப் பொறுத்து ஓர் இளைஞனின் சில ஆண்டுகள் தீர்மானமாகும் நிலை இருக்கக் கூடாது. இருக்கிறது என்பதை உங்களிடம் மறைக்கவும் கூடாது.

தண்டனைக் காலத்தில் பாதியை, முதல் முறை எதிரியென்றால் மூன்றில் ஒரு பங்கைக் கழித்தவர்களை விடுவிக்கும் 479-ஆம் பிரிவு புதிய நடைமுறைச் சட்டத்தில் இருக்கிறது. யாராவது அதைச் சொன்னால் கணக்குப் போட்டுப் பாருங்கள். அதிகபட்சம் இருபதாண்டு என்றால் மூன்றில் ஒரு பங்கு ஆறாண்டு எட்டு மாதம்.


நொய்யல் கரையிலிருந்து, ஆகஸ்ட் 19

அக்கா, என் அண்ணன் இதே சட்டத்தில் ஓராண்டும் ஒன்பது மாதமும் உள்ளே இருந்தார். நாங்கள் முன்கூட்டியே அறியாமல் போன ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

பிணை உத்தரவு வந்த அன்று வீட்டில் எல்லோரும் அழுதோம். ஆனால் அவர் வெளியே வந்தது இருபத்து மூன்று நாட்கள் கழித்துத்தான். இரண்டு ஜாமீன்தாரர்கள் வேண்டும், ஒருவர் இரத்த உறவினராக இருக்க வேண்டும், இருவருக்கும் சொத்து மதிப்புச் சான்று வேண்டும் என்று உத்தரவில் இருந்தது. கஞ்சா வழக்கு என்றதும் சித்தப்பாவே பின்வாங்கினார். சான்றுக்காகக் கிராம நிர்வாக அலுவலரிடமும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் நாங்கள் நடந்த நடை கொஞ்சமன்று. கையில் பணம் கொடுத்தால் ஆள் பிடித்துத் தருகிறேன் என்று வாசலில் நின்ற ஒருவர் சொன்னார். நல்ல வேளையாக எங்கள் வழக்கறிஞர் தடுத்துவிட்டார், போலி ஜாமீன்தாரர் என்று தெரிந்தால் கிடைத்த பிணையும் போய்விடும் என்றார்.

பிணை உத்தரவு வந்தும் ஜாமீன் கொடுக்க இயலாமல் ஒரு மாதம் கடந்துவிட்டால், நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி நீதிமன்றம் தானாகவே பரிசீலிக்கலாம் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கூறியிருப்பதைப் பின்னாளில்தான் அறிந்தோம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவும் அப்படிப்பட்டவர்களைக் கண்டறிந்து உதவ வேண்டுமாம். காவலில் இருக்கும் எவருக்கும், வருமானம் பார்க்காமல், இலவச வழக்கறிஞர் கேட்கும் உரிமை உண்டு என்பதும் அப்போதுதான் தெரிந்தது. எங்கள் அம்மாவின் தாலிக்கொடி அதற்கு முன்பே அடகுக் கடைக்குப் போயிருந்தது.

வெளியே வந்த பின் தினமும் காலை 10.30 மணிக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்திட வேண்டும். தினமும் கையெழுத்துக்குப் போகிறவரை எந்த முதலாளி வேலைக்கு வைப்பார்? மூன்று மாதம் அவர் வேலையின்றி இருந்தார். பிறகு மனுப் போட்டு வாரம் ஒரு முறையாகத் தளர்த்தினோம். இப்போதே இரண்டு உறவினர்களிடம் பேசி, அவர்களின் குடும்ப அட்டை, ஆதார், வீட்டு வரி ரசீது ஆகியவற்றைத் தயாராக வையுங்கள், அக்கா. உத்தரவு வந்த பிறகு தேடத் தொடங்காதீர்கள்.


வைகைக்கரை வாசகி, ஆகஸ்ட் 20

பதில் எழுதிய மூவருக்கும் என் நன்றி. தலைமையாசிரியர் ஐயா, நீங்கள் எழுதியதில் எனக்கு வருத்தமில்லை. எங்கள் தெருவிலும் அப்படிப்பட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள்.

நேற்று எங்கள் வழக்கறிஞரைச் சந்தித்தேன். மகஜரின் நகலைக் கேட்டு வாங்கிப் படித்தேன். 'சாக்குப் பையுடன் 22 கிலோ' என்றுதான் எழுதியிருக்கிறது. முதல் சாக்கு 11.3, இரண்டாவது 10.7. சாக்கின் எடையைத் தனியாகக் குறிப்பிடவில்லை. அம்மாவிடமும் நாள் கணக்கை விளக்கினேன். அவர் நாட்காட்டியில் செப்டம்பர் 10-ஐ மஞ்சளால் குறித்து வைத்திருக்கிறார்.

இன்னும் ஒரு கேள்வி இருக்கிறது. பிணை கிடைக்கும் போலிருந்தால் குண்டர் சட்டத்தில் போட்டுவிடுவார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார். அது நடக்குமா?


மதுரை வழக்கறிஞர், ஆகஸ்ட் 20

நடக்கக்கூடியதுதான், ஆனால் எல்லாருக்கும் நடப்பதில்லை. குண்டர் சட்டம் என்று நாம் அழைக்கும் 1982-ஆம் ஆண்டின் 14-ஆம் தமிழ்நாடு சட்டத்தில் போதைப்பொருள் குற்றவாளிகளும் அடங்குவர். மாவட்ட ஆட்சியரோ மாநகரக் காவல் ஆணையரோ உத்தரவிட்டு ஓராண்டு வரை தடுப்புக் காவலில் வைக்கலாம். ஏற்கெனவே சிறையில் இருப்பவர் மீது அந்த உத்தரவைப் போட வேண்டுமானால், அவர் பிணையில் வெளிவரும் வாய்ப்பு உண்மையாகவே இருக்கிறது என்பதற்கு அதிகாரியிடம் ஆதாரம் இருக்க வேண்டும். வெறும் ஊகம் போதாது என்று 2011-இல் தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. முன் வழக்கு ஏதுமில்லாத கிளீனர் ஒருவர் மீது அப்படி உத்தரவு வந்தால், ஆட்கொணர்வு மனுவில் அதை எதிர்க்க நல்ல காரணங்கள் இருக்கும். இந்த அச்சத்தால் பிணை மனுவைத் தள்ளிப்போட வேண்டாம்.

சாக்கின் எடை பற்றி நீங்கள் கண்டுபிடித்தது பயனுள்ளது. காலிச் சணல் சாக்கு ஒன்றின் எடை ஒரு கிலோவை எட்டுவது அரிது. எனவே அதைக் கழித்தால் மட்டும் 20 கிலோவுக்குக் கீழே வந்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் சாக்கோடு தண்டும் இலையும் சேர்ந்து எடை போடப்பட்டிருந்தால் கணக்கு மாறும். நடுவர் முன்னிலையில் தயாரான பட்டியலின் சான்றிட்ட நகலுக்கு நாளையே மனுக் கொடுக்கச் சொல்லுங்கள். உயர் நீதிமன்ற மனுவை அந்த நகல் கிடைத்த பிறகு, செப்டம்பர் 10-இன் முடிவையும் பார்த்துவிட்டுத் தாக்கல் செய்யலாம்.

கட்டாய ஜாமீன் மனுவுக்குத் தனி வக்காலத்து தேவைப்பட்டால், தம்பியின் கையெழுத்தைச் சிறை அதிகாரியின் சான்றொப்பத்துடன் வாங்க வேண்டும். அதற்கு இரண்டு மூன்று நாட்கள் ஆகிவிடும். அடுத்த முறை அம்மா மனு போட்டுப் பார்க்கப் போகும்போதே படிவத்தைக் கொடுத்து அனுப்புங்கள். செப்டம்பர் 9 மாலை நீதிமன்ற அலுவலகம் மூடும் வரை குற்றப்பத்திரிகையோ நீட்டிப்பு மனுவோ வந்திருக்கிறதா என்று உங்கள் வழக்கறிஞரின் உதவியாளர் பதிவேட்டைப் பார்த்துச் சொல்ல வேண்டும். வரவில்லை என்றால், 10-ஆம் தேதி காலையில் நீதிபதி இருக்கையில் அமர்வதற்கு முன்பே மனு எண்ணிடும் இடத்தில் இருக்கட்டும். மனுவைப் பெற்றுக்கொண்ட நேரத்தை முத்திரையோடு எழுதி வாங்கி, அந்த நகலைப் பத்திரமாக வையுங்கள்.